ஊதினால் ஓடுமா கேசட்?

கண்டியில் அழைப்பிதழ், கடைப் பெயர்ப்பலகை, புத்தக அட்டை, தேயிலைப் பக்கெட் என்று வடிவமைத்துப் பிழைக்கிறவன் நான். மீதி நேரமெல்லாம் வீடியோ கேம். நாற்பது வருடப் பழசான 8 பிட் கேமும் வேண்டும், இந்த வருடம் வந்ததும் வேண்டும். இது தெரிந்தவர்கள், அட்டை வேலை கொடுக்க வந்த இடத்திலும் கேம் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போவதில்லை. கண் கெட்டுவிடும் என்பார்கள். பிள்ளை ரௌடியாகிவிடும் என்பார்கள். அந்தக் காலத்துக் கேமுக்கு ஈடு உண்டா என்பார்கள். இவற்றில் சிலது சுத்தப் பொய், சிலதில் பாதி உண்மை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு கேமை யாரோ ஒருவர் உட்கார்ந்து, இது இங்கே இருக்கட்டும், அது வேண்டாம் என்று முடிவெடுத்துச் செய்திருக்கிறார் என்ற நினைப்பே நமக்கு வருவதில்லை. அந்த ஆளின் கைவேலை கண்ணில் பட்டுவிட்டால் பாதிக் கதைகள் தாமாக உதிர்ந்துவிடும்.

“கேசட் ஓடாவிட்டால் ஊது”

நின்டெண்டோவின் அசல் பெட்டியை அந்தக் காலத்தில் இங்கே கண்டவர்கள் குறைவு. வீடுகளுக்கு வந்தது அதன் நகல். ஜப்பானில் 1983இல் வெளியான ஃபேமிகொம் பெட்டியைப் பார்த்து, தாய்வானிலும் சீனாவிலும் மலிவாகச் செய்து அனுப்பியவை அவை. நமக்கு அது ‘டீவி கேம்’. மேலே இருக்கும் பள்ளத்தில் மஞ்சள் கேசட்டைச் செருக வேண்டும். படம் வராவிட்டால் கழற்றி, வாயருகே வைத்து ஊதி, மறுபடி செருகுவோம். படம் வந்துவிடும். ஊதியதால் வந்தது என்று ஊரே நம்பியது. உலகமே நம்பியது.

படத்தைக் கொண்டுவந்தது மூச்சல்ல, கழற்றி மாட்டியதுதான். கேசட்டுக்குள் ஒரு சின்ன சர்க்கிட் பலகை இருக்கிறது. அதன் விளிம்பில் வரிசையாக உலோகப் பட்டைகள். பெட்டிக்குள் இருக்கும் பின்களோடு இவை ஒவ்வொன்றும் சரியாகத் தொட்டு நின்றால்தான் கேம் ஓடும். கழற்றி மாட்டும்போது பட்டையும் பின்னும் புதிதாக உரசுகின்றன, விட்டுப்போன தொடர்பு கிடைத்துவிடுகிறது. மூச்சு கொண்டுபோய்ச் சேர்ப்பது ஈரத்தை மட்டும். ஈரம் பட்டுப் பட்டு உலோகம் அரிக்கும், செப்பு தெரியும் இடத்தில் பச்சைக் களிம்பு ஏறும். ஊத வேண்டாம் என்று நின்டெண்டோ நிறுவனமே பயனாளர்களுக்கு எச்சரிக்கை கொடுத்திருக்கிறது. வாவியும் மகாவலியும் சூழ்ந்த, மழைக்குக் குறைவில்லாத கண்டியில் காற்றே ஈரம்; அதற்கு மேல் நாமும் ஊதத் தேவையில்லை. ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்ட பஞ்சுக்குச்சியால் பட்டைகளைத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு செருகினால் போதும்.

அதே மஞ்சள் கேசட்டின் மேல் ‘9999999 இன் 1’ என்று அச்சடித்திருக்கும். அதையும் நம்பினோம். உள்ளே இருந்தவை கொஞ்சம் கேம்கள்தான். பட்டியலில் கீழே போகப் போக அவையே வேறு பெயரில் திரும்ப வரும். ஒன்று மூன்றாம் கட்டத்திலிருந்து தொடங்கும், இன்னொன்றில் உயிர் கூடுதலாக இருக்கும். சின்னப் பிள்ளைகளை ஏமாற்றிய வேலைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் எங்களுக்குக் கிடைத்த அந்தச் சில கேம்களுக்குள் உலகத்தின் மிகச் சிறந்த வடிவமைப்புகள் சில இருந்தன.

“அந்தக் காலத்தில் வரையத் தெரியாது, அதனால்தான் கட்டை கட்டையாக இருக்கிறது”

என்னை மிகவும் வருத்தும் பேச்சு இதுதான். இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

‘சுப்பர் மரியோ பிரதர்ஸ்’ 1985இல் வந்தது. முழுக் கேமும் 40 கிலோபைட் அளவுதான். கைபேசியில் இன்று எடுக்கும் ஒரு படம் அதைவிடப் பல மடங்கு பெரிது. திரை 256க்கு 240 புள்ளிகள். நகரும் உருவங்களை 8க்கு 8 புள்ளிச் சதுரங்களை ஒட்டி ஒட்டித்தான் கட்ட முடியும். ஓர் உருவத்துக்கு மூன்று நிறங்கள், மீதி வெறுமை. ஒரே கிடைக்கோட்டில் எட்டுச் சதுரங்களுக்கு மேல் வந்தால் மிஞ்சியதைப் பெட்டியால் காட்ட முடியாது. எதிரிகள் கூடும்போது உருவங்கள் மினுங்கியதற்குக் காரணம் அதுதான், கேசட் பழுதானதால் அல்ல.

இந்த இடுக்குக்குள் நின்றுகொண்டு அவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். மரியோ முதலில் வந்தது 1981இல், ‘டொங்கி கொங்’ கேமில். அத்தனை சிறிய முகத்தில் வாய் வரைந்தால் தெரியாது. அதனால் மீசை வைத்தார் ஷிகேரு மியமோட்டோ. மூக்கும் எடுப்பாகத் தெரிந்தது. ஓடும்போதும் குதிக்கும்போதும் முடி அசைவதைக் காட்ட இடமில்லை, தொப்பி போட்டார். கை வீசுவது உடம்போடு கலந்துவிடக் கூடாது, தோள்பட்டி வைத்த மேலாடையைக் கொடுத்து இரண்டு நிறமாகப் பிரித்தார். இன்று உலகம் முழுவதும் தெரிந்த அந்த உருவத்தில் அலங்காரத்துக்கென்று வைத்தது எதுவும் இல்லை. ‘சுப்பர் மரியோ பிரதர்ஸி’ல் வானத்து மேகமும் தரையிலிருக்கும் புதரும் ஒரே படம், ஒன்றுக்கு வெள்ளை, மற்றதற்குப் பச்சை. பார்க்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்தது? இடமும் மிச்சம், கண்ணும் ஏமாறவில்லை. என் தொழிலில் இதைவிடப் பெரிய வித்தை எனக்குத் தெரியாது.

கண்டிக்காரர்களுக்கு இதை விளக்க ஜப்பானுக்குப் போகவே வேண்டாம். குண்டசாலைப் பக்கம் ஹேனவலைக்குப் போனால் போதும். தும்பறைப் பாய் நெய்கிற ஊர் அது. ஹண என்னும் கற்றாழை இனச் செடியின் இலையைச் சீவி நாரெடுத்து, சாயம் தோய்த்து, தறியில் பாய் நெய்கிறார்கள். ஒரு காலத்தில் கண்டி அரசருக்கு ஆண்டுதோறும் இராசகாரியமாகக் கொடுத்த பாய்கள். இந்தக் கைவினையை 2021இல் யுனெஸ்கோ தன் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. ஒரு பாயைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். அதில் வளைகோடே கிடையாது. ஊடும் பாவும் செங்குத்தாகக் குறுக்கிடும் தறியில் வளைவு வராது. பாம்பின் நெளிவு படிப்படியாக ஏறி இறங்கும். பறவையின் கழுத்து இரண்டு படி, அலகு ஒரு படி. மானின் கொம்பு எங்கே கிளைக்க வேண்டும் என்பதை நெய்கிறவர் இழை எண்ணித் தீர்மானிக்கிறார். இயற்கை நார் நிறத்தோடு சிவப்பு, கறுப்பு, மஞ்சள் என்று நிறமும் மட்டு. அந்தப் பாயைப் பார்த்து ‘வரையத் தெரியாதவர் செய்தது’ என்று ஒருவரும் சொல்வதில்லை. சுவரில் மாட்டிப் பெருமைப்படுகிறோம். மரியோவைச் செய்தவர்களுக்கும் அந்த மரியாதை உரியது. கட்டத்துக்குள் நின்று உயிரைக் கொண்டுவந்தவர்கள் இரண்டு தரப்பினரும்.

இன்னொன்றும் உண்டு. அந்தப் படங்களை நாம் இன்று பார்க்கும் கூர்மையான தட்டைத் திரைக்காக யாரும் வரையவில்லை. பழைய பிக்சர் டியூப் டீவியில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒன்றோடொன்று கசிந்து கலக்கும். ஓவியர்கள் அந்தக் கசிவையும் ஒரு நிறமாகவே எண்ணி வரைந்தார்கள். 1991இல் சேகா வெளியிட்ட ‘சொனிக்’ கேமின் முதற் கட்டத்தில் ஓர் அருவி வரும். தட்டைத் திரையில் அது சீப்புப் பல் மாதிரிக் கோடுகோடாகத் தெரியும். பழைய டீவியில் அந்தக் கோடுகள் கலந்து, பின்னால் இருக்கும் பாறை தெரியும்படி தண்ணீர் வழியும். கோடாகத் தெரிவது நம் திரையில், அவர்கள் வரைந்தது தண்ணீரைத்தான்.

“பாக்-மேன் பேய்கள் சும்மா கண்டபடி ஓடுகின்றன”

ஓடுவதில்லை. டோரு இவடானி 1980இல் நம்கோ நிறுவனத்துக்காகச் செய்த ‘பாக்-மேனி’ல் நான்கு பேய்களுக்கும் நான்கு குணம். சிவப்பு நேராகத் துரத்தும். இளஞ்சிவப்பு நாம் போகும் திசையில் நான்கு கட்டம் முன்னால் குறி வைக்கும், அதாவது மறிக்கப் பார்க்கும். நீலம் நம் இடத்தையும் சிவப்புப் பேயின் இடத்தையும் சேர்த்துக் கணக்குப் போடும். அதனால்தான் அது எப்போது என்ன செய்யும் என்று பிடிபடாது. செம்மஞ்சள் தூரத்தில் இருந்தால் துரத்தும், எட்டுக் கட்டத்துக்குள் வந்ததும் தன் மூலைக்கு ஓடிவிடும். நான்கே விதிகள்தான், ஆனால் ஒரு கூட்டமே திட்டம் போட்டு நம்மைச் சுற்றி வளைக்கிறது என்ற பயம் வந்துவிடுகிறது. நாம் மேல்நோக்கிப் போகும்போது மட்டும் இளஞ்சிவப்பின் குறி நான்கு கட்டம் இடப்பக்கமும் நகர்ந்துவிடும். அது நிரலில் விழுந்த பிழை. தேர்ந்த ஆட்டக்காரர்கள் அதையும் ஓர் உத்தியாக்கிக்கொண்டார்கள். பேய்கள் உண்மையிலேயே கண்டபடி திரும்புவது நீலமாகிப் பயந்து ஓடும் அந்தச் சில விநாடிகளில்தான்.

1978இல் டொமோஹிரோ நிஷிகாடோ செய்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸி’லும் இப்படி ஒரு சேதி. எதிரிகள் குறையக் குறைய மிச்சமிருப்பவை வேகமெடுக்கும், நெஞ்சு படபடக்கும். யந்திரத்துக்கு வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் தானாக வந்த வேகம் அது. நிஷிகாடோ அதைக் கண்டு, திருத்தாமல் விட்டார். விட்டதுதான் அவர் திறமை. இந்தக் கேமால் ஜப்பானில் 100 யென் நாணயத்துக்கே தட்டுப்பாடு வந்தது என்றொரு கதை புத்தகங்களில்கூட இருக்கிறது. அதற்கு ஆதாரம் கிடையாது.

‘ஈ.டி.’ கேம் கேசட்டுகள் இலட்சக்கணக்கில் பாலைவனத்தில் புதைந்தன என்பதும் பாதிக் கதைதான். அடாரி நிறுவனம் 1983இல் நியூ மெக்சிகோவில் அலமோகோர்டோ என்ற ஊரின் குப்பைமேட்டில் கேசட்டுகளைப் புதைத்தது உண்மை. 2014இல் தோண்டியபோது வெளியே வந்தவை பல கேம்கள். ‘ஈ.டி.’ அவற்றில் ஒன்று.

வீட்டில் பெரியவர்கள் சொல்வது

‘டீவி கேம் விளையாடினால் பிக்சர் டியூப் போய்விடும்.’ எல்லா வீட்டிலும் கேட்ட வசனம். முழுப் பொய் என்று தள்ள முடியாது. அசையாத ஒரே படம் மாதக்கணக்கில் நின்றால் டியூபில் அதன் தடம் பதியும். கடைகளில் ஓயாமல் ஓடிய பாக்-மேன் யந்திரங்களின் திரையில் கேமின் சிக்குப்பாதை நிரந்தரமாகப் பதிந்திருந்தது. வீட்டில் பிள்ளைகள் மாலை நேரத்தில் ஓடி ஆடிய மரியோ அப்படியொன்றும் செய்யவில்லை.

கண்ணைப் பற்றிய பயத்திலும் பாதி உண்மை. கண்ணருகே பார்த்துச் செய்யும் வேலையில் நெடுநேரம் மூழ்கி, வெயிலில் வெளியே போகாமல் இருப்பதற்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வைக் குறை கூடுவதற்கும் தொடர்பு இருக்கிறது. அது கேமுக்கு மட்டும் உரியதல்ல; விடிய விடியப் பாடப் புத்தகம் படிக்கும் பிள்ளைக்கும் அதே கதைதான். மறுபக்கம், 2003இல் ஷான் கிரீனும் டாஃப்னி பவெலியரும் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, அதிரடிக் கேம் ஆடுகிறவர்களின் பார்வைக் கவனம் கூர்மையாக இருப்பதைக் காட்டியது.

வன்முறை பற்றிய கேள்வியைத் தாய்மார்தான் அதிகம் கேட்கிறார்கள். அவர்கள் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. 2019இல் ஒக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த பிஷிபில்ஸ்கி, கார்டிஃபைச் சேர்ந்த வைன்ஸ்டைன் இருவரும் பிரித்தானியாவில் 14, 15 வயதான 1,004 பிள்ளைகளையும் அவர்களைப் பராமரிப்பவர்களையும் கேட்டு ஆராய்ந்தார்கள். வன்முறைக் கேம் ஆடுவதற்கும் பிள்ளையின் முரட்டுக் குணத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் சொன்னது கொஞ்சம் வேறு. கத்துவது, தள்ளுவது போன்ற சிறு முரட்டுத்தனத்தோடு சிறிய தொடர்பு இருக்கிறது, ஆனால் கொடும் வன்முறைக்குக் கேமைக் காரணம் காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்றது. அறிஞர்கள் இன்னும் வாதாடும் இடம் இது. ஒன்று மட்டும் சொல்வேன்: வயதுக் குறியீடு பெட்டியில் அச்சிட்டிருப்பது அலங்காரத்துக்கு அல்ல. 18 என்று போட்டதைப் பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்கிக்கொடுத்துவிட்டுக் கேமைத் திட்டக் கூடாது.

அடிமைப்படுவதும் உண்மையான நோய்தான். உலக சுகாதார நிறுவனம் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த தன் நோய்ப் பட்டியலில் அதைச் சேர்த்திருக்கிறது. ஆனால் அதன் அளவுகோல் கடுமையானது. கட்டுப்பாடு போய், மற்ற எல்லாவற்றையும்விடக் கேமே முதலாகி, கெடுதி வந்த பின்னும் நிறுத்த முடியாமல், படிப்போ வேலையோ குடும்பமோ குலைந்து, பொதுவாகப் பன்னிரண்டு மாதமாவது அப்படி நடந்திருக்க வேண்டும். பாடசாலை விடுமுறையில் பிள்ளை இரண்டு நாள் விடாமல் ஆடினால் அது விடுமுறை.

கேம் ஆண்பிள்ளைகளின் வேலை என்பவர்களுக்கு ஒரே பெயர் போதும்: கெரொல் ஷா. 1982இல் ‘ரிவர் ரெய்ட்’ செய்தவர். 4 கிலோபைட்டுக்குள் நீண்ட ஆறு ஒன்றை அடைக்க முடியாது. அவர் ஆற்றைச் சேமித்து வைக்கவே இல்லை. ஆடும்போது கணக்கால் உருவாக்கினார். ஒவ்வொரு தடவையும் அதே ஆறு, அதே வளைவு, அதே பாலம்.

“இப்போதைய கேம்களில் உயிரில்லை”

என் வயதுக்காரர்கள் சொல்வது. பழசின் மேல் எனக்கும் பைத்தியம்தான், அதற்காக இதை ஒப்புக்கொள்ள முடியாது. ‘ஸ்டார்டியூ வேலி’யை எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நிரல், ஓவியம், இசை எல்லாம் தானே செய்து 2016இல் வெளியிட்டார்; நான்கு வருடத்துக்கு மேல் உழைப்பு. 2018இல் வந்த ‘செலெஸ்ட்’ ஒரு பெண் மலையேறும் கதை. பார்க்கப் பழைய புள்ளிச் சித்திரம். உள்ளே இருக்கும் கவனிப்பு புதியது. பாறை விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் போன பின்னும், கண்ணிமைப்பதிலும் சிறிய ஒரு கணத்துக்குள் பொத்தானை அழுத்தினால் அவள் குதிப்பாள். தலை மேலே விளிம்பில் இலேசாக இடித்தால் கேம் அவளை ஒரு பக்கம் நகர்த்திவிட்டு மேலே போக விடும். ஆடுகிறவருக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. தன் திறமையால் தாண்டியதாகவே நினைப்பார். பழைய கேம்கள் பல இப்படி இரக்கம் காட்டவில்லை. சிலது காசு போடும் யந்திரத்திலிருந்து வந்தவை, நீங்கள் சீக்கிரம் சாக வேண்டும். சிலது உள்ளே கட்டங்கள் குறைவு என்பதைக் கடுமையால் மறைத்தவை. அந்தக் கடுமையை மட்டும் கலை என்று கொண்டாடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

“நம்முடைய கதை கேமுக்கு ஒத்துவராது”

தமிழர்களே சொல்கிறார்கள் என்பதால் இதற்குப் பதில் சொல்லாமல் விட மனமில்லை. ரொறன்ரோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சிறு குழு, அபி என்பவரின் தலைமையில், 2023 ஜூலையில் ‘வெண்பா’ என்ற கேமை வெளியிட்டது. 1988இல் கனடாவில் இருக்கும் வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின், இவர்களின் கதை அது. துப்பாக்கி இல்லை, புள்ளி எண்ணுவது இல்லை. அம்மாவின் சமையல் குறிப்பேடு கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. விடுபட்டதை நாம் யோசித்து, சமைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி ஒழுங்காக மேலே போகும்? புட்டுக் குழலில் எது முதலில் போகும்? நம் வீட்டில் யாரும் யோசிக்காமல் செய்யும் வேலை, அங்கே ஒரு புதிர். சட்டிகளும் டப்பாக்களும் தீட்டியிருக்கும் நிறம், அடுப்பு மேல் வெளிச்சம் விழும் பக்கம், வானொலியில் ஒவ்வொரு காலத்துத் தமிழ்த் திரையிசையின் சாயலில் புதிதாக அமைத்த பாட்டு என்று ஒவ்வொன்றிலும் தெரிந்த கைகள் இருக்கின்றன. ஓட்டம் இரண்டு மணி நேரம்கூட இல்லை. 2024இல் பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக்கழகமான பாஃப்டாவின் சிறந்த முதற் படைப்புக்கான கேம் விருது அதற்குக் கிடைத்தது. சுயாதீன கேம்களுக்கான விழாவின் பெரும் பரிசும் அதே வருடம் கிடைத்தது.

புனேயின் நொடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020இல் வெளியிட்ட ‘ராஜி’யில் பகாரி சிற்றோவியங்களின் நிறம் தெரியும். கொழும்பின் அரிமாக் நிறுவனமும் இலங்கைக் கதையில் முப்பரிமாணக் கேம் செய்திருக்கிறது. இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டாக 2019இல் நம் அரசாங்கம் அங்கீகரித்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியல் துறை இருக்கிறது, அதிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் தும்பறைப் பாய் நெய்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டு தரப்பும் ஒரு மேசையில் உட்கார்ந்து ஒரு கேம் செய்வதைப் பார்க்க வேண்டும் என்பது என் பெரிய ஆசை. புள்ளிச் சித்திரத்துக்கு வேண்டிய மான், மயில், பாம்பு எல்லாம் அவர்கள் கையில் எண்ணிக்கையோடு இருக்கின்றன.

“எல்லாம் இணையத்தில் பத்திரமாக இருக்கிறது”

இல்லை. 2023இல் அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை ஒரு கணக்கெடுப்பு வெளியிட்டது. 2010க்கு முன் அந்நாட்டில் வெளியான கேம்களில் 87 வீதம் அப்போது கடையில் வாங்கக் கிடைக்காதவை. அமெரிக்காவிலேயே இப்படி என்றால், நம் டீவி கேம் காலத்துக்கு ஒரு பட்டியலைக்கூட நான் கண்டதில்லை. ஹண செடி காடழிப்பால் அரிதாகிவருவதை யுனெஸ்கோ பதிவுசெய்திருக்கிறது. கேசட்டின் அழிவைப் பதிவுசெய்ய அப்படி யாரும் இல்லை. ஆடி நிறுத்திய இடத்தைச் சேமித்து வைக்கக் கேசட்டுக்குள் இருந்த சின்ன மின்கலங்கள் தீர்ந்துவிட்டன, சில ஒழுகிப் பலகையை அரித்துவிட்டன. சீடிகளில் பூஞ்சை பிடிக்கிறது. கண்டியின் ஈரத்துக்கு அது பிடித்தமான இடம். பிக்சர் டியூப் டீவிகளைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டோம். அவை போனதும் சொனிக்கின் அருவியும் போனது.

எனக்கு முக்கியமாகப் படுவது கேமைவிட அந்தப் பெட்டிகள். நகல் பெட்டிகளின் அட்டையில் இருந்த ஓவியங்கள், கேசட்டின் மேலே ஒட்டியிருந்த தாள், பிழை எழுத்துகளோடு வந்த மெனுத் திரை, எல்லாவற்றையும் பெயர் தெரியாத யாரோ ஒரு வடிவமைப்பாளர் நம் சந்தைக்காகச் செய்தார். ஒரு தலைமுறை கண்டிப் பிள்ளைகள் முதலில் பார்த்த கணினி ஓவியம் அதுதான். பரணில் டீவி கேம் கிடந்தால், விற்பதற்கு முன் பெட்டியையும் கேசட்டின் இரண்டு பக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து வையுங்கள். ஓடுகிறதென்றால் மெனுவை மேலிருந்து கீழ் வரை காணொளியாகப் பிடித்து வையுங்கள், 9999999 வரை போக வேண்டாம், பெயர்கள் திரும்ப வரத் தொடங்கும் இடம் வரை போதும். வாங்கிய கடை எந்த வீதியில் இருந்தது, என்ன விலை, எந்த வருடம் என்பதையும் நினைவிருந்தால் எழுதி அதனோடு சேர்த்து வையுங்கள்.